மருமகனின் சிவிக்கும் உன் மொறிஸ் மைனரும்

திருகோணமலை

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் மாதங்களைக் கடத்திவிட்டேன். கண் வைத்தியம், கூரை வேலை என்று காரணங்கள் இருக்கின்றன. நீ ஒன்றையும் நம்பமாட்டாய் என்பதால் விரித்துரைக்கவில்லை. இங்கு எல்லோரும் நலம். கோட்டைப் பக்கத்து மான்கள் வழமைபோல் ஊருக்குள் வந்து கண்டதையெல்லாம் மேய்ந்துவிட்டுப் போகின்றன. மாஸ்டர் இன்னமும் காலையில் கடற்கரையில் நடக்கிறார்; உன்னை அந்தப் பழைய பெயரைச் சொல்லித்தான் விசாரிக்கிறார். நான் திருத்தவில்லை.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அக்காவின் இளையவன். அவன் வாங்கிய ஹொண்டா சிவிக் உனக்குத் தெரியும். 1995 முதல் 2000 வரை வந்த அந்த ஆறாம் தலைமுறை வண்டி. நல்ல இயந்திரம், துருப்பிடிக்காத பொடி, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று நீயும் நானும் கேட்போம். அவனுக்கு அது நிலத்தோடு ஒட்டியிருக்க வேண்டுமாம். 15 அங்குல விட்டமும் 7 அங்குல அகலமும் உள்ள பாவித்த அலோய் றிம் நான்கை எங்கிருந்தோ வாங்கிப் பூட்டினான். பிறகு ஒரு கராஜில் நான்கு ஸ்பிரிங்கிலும் இரண்டிரண்டு சுற்றுகளை அறுப்பித்தான். அந்தக் கோலத்திலேயே அக்காவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய்வந்தான். ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னாலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வந்ததாகவும், அது சைலன்சராக இருக்கும் என்று தான் நினைத்ததாகவும் அக்கா பின்னர் சொன்னார். அன்று பின்னேரம் என் வளவுக்குள் வண்டியைக் கொண்டுவந்து விட்டான். பின் ரயர் இரண்டின் வெளித்தோளிலும் இறப்பர் வட்டமாகச் சீவப்பட்டிருந்தது; இடது பக்கத்தில் உள்ளே இருக்கும் நூல் தெரிந்தது.

சிரிக்காதே. உன் மொறிஸ் மைனர் யாருடைய உதவியும் இல்லாமல் கிழக்குப் பக்கம் தாழ்ந்துபோனதை நான் மறக்கவில்லை. அதில் அறுப்பதற்குச் சுருள் ஸ்பிரிங் இருக்கவில்லை என்பதுதான் உனக்கும் அவனுக்கும் உள்ள ஒரே வேறுபாடு; முன்னால் முறுக்குத் தண்டும் பின்னால் தட்டு ஸ்பிரிங்கும் இருந்தபடியால் நீ தப்பினாய்.

அவனும் அவனுடைய கூட்டாளிகளும் வண்டியை அதிகமாக இறக்கியதால்தான் ரயர் உரசுகிறது என்று முடிவுகட்டி, ஒரு சுற்றை ஒட்டவைக்க முடியுமா என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அடிமட்டத்தையும் கடதாசியையும் எடுத்தேன். பழைய றிம்மின் அகலம் ஐந்தரை அங்குலம், அதன் ஓஃப்செற் 45. புதியது 7 அங்குலம், ஓஃப்செற் 35. றிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில், அதாவது சில்லைப் பூட்டும் நடுக்குடத்தில், பொருந்தும் முகத்துக்கும் இடையிலுள்ள மில்லிமீற்றர் தூரம்தான் ஓஃப்செற் என்பதும், அந்த எண் குறையக் குறைய சில்லு வெளியே தள்ளும் என்பதும் உனக்குத் தெரியும், வாங்கியவனுக்குத் தெரியாது. பழைய றிம்மின் வெளி விளிம்பு ஹப்பின் முகத்திலிருந்து 25 மில்லிமீற்றர் வெளியே நின்றது. புதியதன் விளிம்பு 54 மில்லிமீற்றரில் நிற்கிறது. ஸ்பிரிங்கில் கைவைக்காமல் இருந்திருந்தாலும் சில்லு 29 மில்லிமீற்றர் மட்காட்டை நோக்கி நகர்ந்துதான் இருக்கும். இன்னொன்று: 14 அங்குல றிம்மில் இருந்த பழைய 185/65 ரயரின் (முதல் எண் மில்லிமீற்றரில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை வீதம் என்பது) முழு விட்டம் 596 மில்லிமீற்றர், அவன் போட்ட 195/50 ரயரின் விட்டம் 576. ஆகவே ரயரை மாற்றிய அன்றே வண்டி 10 மில்லிமீற்றர் இறங்கிவிட்டது, வேகமானி 60 காட்டும்போது வண்டி 58இல்தான் ஓடுகிறது. அறுத்த ஸ்பிரிங்குக்கு முன்னாலேயே இவ்வளவும் நடந்து முடிந்துவிட்டது என்று சொன்னபோது அவனுடைய முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஸ்பிரிங் விடயம் வேறு வகையான கேடு. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் இரண்டை அறுத்தால் அது ஒன்றரை மடங்கு இறுகும். அது போதும் என்றுதான் அறுப்பவர்கள் சொல்கிறார்கள். ஆனால் சில்லு மேலெழுவதற்கு இருக்கும் தூரம் பாதியாகக் குறைந்தால், அதே குழியின் அடியை வாங்குவதற்கு ஸ்பிரிங் ஏறத்தாழ நான்கு மடங்கு இறுக்கமாக இருக்க வேண்டும். ஒன்றரைக்கும் நான்குக்கும் இடையில் உள்ளதையெல்லாம் சில்லு மேலெழும் எல்லையில் முட்டித் தடுக்கும் பம்ப்-ஸ்ரொப் இறப்பரும் மட்காட்டும் முதுகெலும்பும் பங்கிட்டுக்கொள்கின்றன. போதாததற்கு, அறுத்த முனை அதன் இருக்கையில் ஒழுங்காக அமரவில்லை. சில்லைத் தூக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து ஆடுகிறது. கராஜ்காரர் அடுத்த முறை அறுக்காமல் காஸால் சூடாக்கி இறக்கித் தருவதாகச் சொன்னாராம். சூடு பட்ட ஸ்பிரிங்கின் பதம் போய்விடும், அது எந்த நாளில் எந்த வளைவில் முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று நான் சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவனை அளக்க வைத்தேன். நீ முன்பு சொல்லித்தந்த முறைதான்: ஒரு பக்கத்து ஸ்பிரிங்கை முற்றாகக் கழற்றிவிட்டு, ஷொக்கையும் பம்ப்-ஸ்ரொப்பையும் மட்டும் பூட்டி, சில்லைப் போட்டு, பம்ப்-ஸ்ரொப் நசுங்கும் வரை ஜக்கால் உயர்த்துவது. ஓடும்போது சில்லு எட்டக்கூடிய உச்சி அதுதான். அங்கே உரசாவிட்டால் எங்கேயும் உரசாது. நிற்கும் வண்டியில் மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் திருப்திப்படுகிறவர்கள் ஐந்து பேர் ஏறியதும் திகைக்கிறார்கள். ரயரில் வெண்கட்டியைப் பூசினேன், அது எங்கே அழிகிறது என்று பார்ப்பதற்கு. முன்னால், ஸ்ரியரிங்கை முழுவதுமாக ஒடிக்கும்போது பம்பர் மூலையில் உள்ள பிளாஸ்ரிக் மறைப்பில் மட்டும் தட்டியது. அந்த மறைப்பைச் சூடுகாட்டி உள்ளே தள்ளினால் தீர்ந்துவிடும். பின்னால், மட்காட்டின் உட்பக்கமாக மடிந்திருக்கும் தகட்டு விளிம்பு கத்திபோல் ரயரின் தோளில் இறங்கியது.

இந்தச் சிவிக்கை ஒரு விடயத்தில் பாராட்டத்தான் வேண்டும். இதன் முன்பக்கத்தில் சில்லை மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் பிடிக்கும் இரட்டை விஷ்போன் அமைப்பு இருப்பதால், சில்லு மேலெழும்போது அதன் தலை உள்நோக்கிச் சாய்கிறது; பின்பக்கக் கைகளும் அப்படியே இழுக்கின்றன. விளிம்பிலிருந்து ரயர் தானாகவே கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறது. அடுத்த தலைமுறைச் சிவிக்கில் முன்பக்கத்துக்கு மேல் கை இல்லாத மக்பெர்சன் ஸ்ரட் வந்தபோது அந்தச் சலுகை பெரும்பாலும் போய்விட்டது. அவன் தன் வண்டியைக் காதலிப்பதற்கு நியாயமான காரணம் ஒன்றாவது இருக்கிறது என்று அன்றுதான் ஒப்புக்கொண்டேன், அவனிடம் சொல்லவில்லை.

நாங்கள் இப்போது முடிவு செய்திருப்பது இது. அந்த றிம்மை விற்றுவிட்டு ஆறரை அங்குல அகலமும் 45 ஓஃப்செற்றும் உள்ளதைத் தேடுகிறோம். அது பழையதைவிட 13 மில்லிமீற்றர்தான் வெளியே வரும், உள்ளேயும் அதே அளவுதான் போகும். உட்பக்கத்தில் ஷொக்குக்கும் ரயருக்கும் இடையில் அதற்கு இடமிருக்கிறது, அளந்து பார்த்துவிட்டோம். அகன்ற றிம்மையே வைத்துக்கொண்டு ஒடுக்கமான ரயரை இழுத்துப் போடலாம், பக்கச்சுவர் சாய்ந்து நிற்கும், உரசாது என்று ஒரு யோசனை அவனுக்கு இருந்தது. ரயர் சிறுத்தால் அது சுமக்கும் பாரமும் குறையும், குழியில் விழும்போது ரயர் றிம்மின் விளிம்பை விட்டுக் கழன்றுவிடக்கூடும் என்று சொன்னேன். நான் நினைத்ததைவிட விரைவாகக் கைவிட்டான். புதிய ரயரின் விலை கேட்டுவிட்டானோ தெரியாது. ஸ்பிரிங்கும் இறக்கத்துக்கென்றே செய்ததை, 30 மில்லிமீற்றருக்கு மேல் இறக்காததை, அதற்குப் பொருந்தும் கட்டையான ஷொக்குடன் போட வேண்டும். 60 மில்லிமீற்றர் இறக்குவதற்குத் திருகி உயர்த்தித் தாழ்த்தும் வகையை வாங்கித் தரும்படி கேட்டான். கிண்ணியாப் பாலத்தில் மட்டும் ஓடுவதென்றால் வாங்கித் தருகிறேன் என்றேன்.

எஞ்சியிருப்பது அந்த விளிம்பு. ரிங்கர் வேலை செய்யும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கிரைண்டரால் அறுத்தெறிந்தால் பத்து நிமிட வேலை என்றார். முன் மட்காட் ஒற்றைத் தகடு, ஆணி கழற்றினால் கையோடு வந்துவிடும், அங்கே அறுத்தாலும் பெரிய நட்டமில்லை. பின்பக்கம் அப்படியல்ல. வெளித்தகடும் சில்லின் உட்கூட்டுத் தகடும் அந்த விளிம்பில்தான் புள்ளி புள்ளியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. விளிம்பை அறுத்தால் இரண்டு தகடும் வாய்பிளந்துவிடும். பக்கத்திலேயே கடல் இருக்கும் இந்த ஊரில் அந்த வாய்க்குள் உப்பு ஈரம் புகுந்தால் அடுத்த மழைக்காலம் கழியுமுன் பெயின்ற் கொப்பளிக்கும். அறுக்க வேண்டாம், மேல்நோக்கி மடித்துப் படியவிடுங்கள் என்றேன். அதற்கு அவர் உலக்கை கேட்டார்! ரயருக்கும் விளிம்புக்கும் இடையில் உலக்கையைக் கொடுத்து வண்டியை முன்னும் பின்னும் தள்ளுவாராம். அக்கா உலக்கையைத் தர மறுத்துவிட்டார், நல்லவேளை.

ஆகையால் உன்னிடம் வருகிறேன். உன் மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அந்த உருளைக் கருவி, ஹப்பில் பூட்டி விளிம்பின்மேல் உருட்டுவது, இன்னும் உன் கராஜில் இருக்கிறதா? இந்தச் சிவிக்கின் ஹப் 100 மில்லிமீற்றர் வட்டத்தில் நான்கு ஆணி கொண்டது. கருவியின் தட்டு அதற்குப் பொருந்துமா என்று பார்த்துச் சொல். பொருந்துமென்றால் திருகோணமலை பஸ்ஸில் போட்டுவிடு, நான் நிலையத்தில் வந்து எடுத்துக்கொள்கிறேன். பெயின்ற் வெடிக்காமல் இருக்கச் சூட்டுக்காற்று அடித்து, ஒரே தடவையில் மடிக்காமல் சிறிது சிறிதாக உருட்ட வேண்டும் என்பது நினைவிருக்கிறது. மடித்த பிறகு இடுக்கில் பூசுவதற்கு நீ பாவிக்கும் பசை எது, அது இங்கே கிடைக்குமா?

இடையில் ஒன்று சொல்லவேண்டும். நூல் தெரிந்த அந்த ரயரை நான் கழற்றி என் அறைக்குள் வைத்திருக்கிறேன், அவன் எடுத்துப் போடக்கூடாது என்பதற்காக. கன்னியா போகும் வீதியில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் அது வெடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவனிடம் நான் பேசவில்லை. பின்னிருக்கையில் யார் யார் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டேன். பதில் சொல்லாமல் வெகுநேரம் நின்றான். அதன் பிறகுதான் அடிமட்டத்தைத் தானாகக் கையில் எடுத்தான்.

எல்லாம் பூட்டியதும் வீல் அலைன்மென்றுக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டி தாழ்ந்தால் ரோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சில்லின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, மாறும்; ரயரின் உள் விளிம்பை அதுதான் சாய்மானத்தைவிட விரைவாகத் தின்னும். கீழ்க்கைகளின் மூட்டில் இருக்கும் புஷ் என்ற இறப்பர் உறைகளின் ஆணிகளைச் சில்லு தொங்கும்போது இறுக்காதே, வண்டியின் பாரம் நிலத்தில் இருக்கும்போது இறுக்கு, இல்லாவிட்டால் இறப்பர் முறுகிக் கிழிந்துவிடும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் நம்பவில்லை. நீ தொலைபேசியில் ஒரு தடவை சொன்னால் நம்புவான். உன்னைப் பெரிய மெக்கானிக் என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். கருவியுடன் கொஞ்சம் பனங்கிழங்கு வைத்து அனுப்பினால் மாஸ்டருக்கும் ஒரு பங்கு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி