கல்குவாரியில் உள்ள பெக்மடைட் நாளத்தைக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
விளவங்கோடு வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

பொருள்: கைவிடப்பட்ட கல்குவாரியில் பாஸ்பேட் கனிமங்கள் கொண்ட பாறை நாளம் – உடைபடும் முன் ஆய்வு செய்து ஒரு பகுதியைக் காக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

களியக்காவிளைக்குக் கிழக்கே, எங்கள் ஊர் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே, குத்தகை முடிந்து தண்ணீர் தேங்கிக் கிடக்கும் கல்குவாரி ஒன்று இருக்கிறது. அதன் வடக்குச் சுவரில் கரும்பாறையை அறுத்துக்கொண்டு ஓராள் அகலத்தில், பெக்மடைட் என்னும் பெரும்படிகப் பாறையாலான வெளிர்நிற நாளம் ஒன்று பட்டைபோல ஓடுகிறது. உள்ளங்கை அகலக் காக்காப்பொன் (மைக்கா) ஏடுகள், வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்), இளஞ்சிவப்பு ஃபெல்ஸ்பார் கனிமம், இவற்றுக்கிடையே விரல் பருமனில் ஆறு பட்டையுள்ள பச்சைப் படிகங்கள். குவாரியை மீண்டும் திறக்கப்போவதாக ஊரில் பேச்சு. லாரிப் பாதை அந்தப் பக்கம் என்பதால் முதலில் விழப்போவது அந்தச் சுவர்தான். பிறகு எல்லாம் ஜல்லியாகி டாரஸ் லாரிகளில் கேரள எல்லை தாண்டிவிடும்.

பச்சைக் கல்லை மரகதம் என்றும் வைடூரியம் என்றும் நம்பிச் சிலர் இரவில் உளி வைக்கிறார்கள். உதிர்ந்து கிடந்த துண்டு ஒன்றைப் பேனாக்கத்தியால் கீறினேன், கீறல் விழுந்தது. மரகதத்திலோ வைடூரியத்திலோ அது விழாது. அபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் என்றே கருதுகிறேன். வேறு மணிக்கல் போலத் தோன்றுவதால், ‘ஏமாற்றுதல்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 1786-ல் ஜெர்மானிய அறிஞர் வெர்னர் வைத்த பெயர் அது. இந்த ஏமாற்றத்தை நம்பி எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்தச் சுவரிலிருந்து விழுந்துவிடக் கூடாதே என்ற கவலையும் எனக்கு உண்டு.

கிரானைட் குழம்பு பூமிக்குள் ஆறும்போது ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் போன்றவை உறைகின்றன. பாஸ்பரஸ், நீர், ஃபுளோரின், லித்தியம், தோரியம் ஆகியவற்றுக்கு அந்தப் படிகங்களில் போதிய இடமில்லை. எஞ்சும் குழம்பில் சேர்ந்துகொண்டே போகின்றன. நீர் மிகுந்து இளகிய அந்தக் கடைசிக் குழம்பு வெடிப்புகளில் புகுந்து பெரும்படிகங்களாக உறைவதே பெக்மடைட். அங்கே பாஸ்பரஸுடன் கால்சியம் சேர்ந்தால் அபடைட். சீரியம், லாந்தனம், தோரியம் சேர்ந்தால் மோனசைட். லித்தியமும் இரும்பும் சேர்ந்தால் டிரைஃபிலைட். ஜெர்மனியின் பவேரியாவில் கிடைத்து 1834-ல் பெயர் பெற்ற அந்தக் கனிமத்தின் இயைபுதான் இன்று மின்சார வாகன பேட்டரிகளில் இருக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். பின்னாளில் காற்றும் நீரும் பட்டு லித்தியம் வெளியேறினால் அதுவே ஊதா நிற ஹெட்டிரோசைட் ஆகிறது. நம் நாளத்தில் லித்தியம் உண்டு என்று நான் சொல்லவில்லை. பார்க்காமலே உடைக்க வேண்டாம் என்கிறேன்.

ஃபெல்ஸ்பாருக்குள் மிளகளவில் தேன் நிற மணிகளும் பதிந்துள்ளன. அவை மோனசைட்டாக இருக்கலாம். தோரியம் கொண்டது, அணுசக்தி தொடர்பான சட்டத்தின் கீழ் வரும் பொருள் என்பதால் நான் தொடவில்லை. 1909-ல் ஜெர்மானிய வேதியியலர் ஷோம்பெர்க், திருவிதாங்கூர்த் தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார்; நம் மாவட்டக் கடற்கரையில் உள்ள மணவாளக்குறிச்சி மணலின் புகழ் அங்கே தொடங்கியது. அந்த மணலின் தாய்வீடு உள்நாட்டுப் பாறைகள். அவை சிதைந்து, ஆறுகள் சுமந்து வந்ததே கடற்கரையில் கிடக்கிறது. முப்பது ஆண்டுகள் பிளஸ் டூ வகுப்பில் சீரியம், லாந்தனம் போன்ற லாந்தனைடு தனிமங்களை நடத்தினேன். மோனசைட் என்று கரும்பலகையில் எழுதினேனே தவிர, பாறையில் பதிந்த ஒரு படிகத்தை ஒரு மாணவருக்கும் காட்ட முடிந்ததில்லை.

ஆகவே, புவியியல் மற்றும் சுரங்கத்துறை அலுவலர்களை இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன் அனுப்பி, மாதிரிகளை ஆய்வகத்தில் சோதிக்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். தேன் நிற மணிகளைப் பற்றி மத்திய அரசின் அணுக்கனிம இயக்குநரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். முடிவு வரும்வரை அந்தச் சுவருக்கு வெடி வைக்க அனுமதி தரக் கூடாது. பின்னர் குவாரியைத் திறந்தாலும் பத்து மீட்டர் நீளத்தையாவது வேலியிட்டு விட்டுவைத்து, பாதுகாப்பானவை எனச் சான்றளிக்கப்பட்ட மாதிரிகளை அரசுப் பள்ளிகளுக்குத் தர வேண்டும்.

மழை பிடித்துவிட்டால் குவாரிக்கு இறங்கும் பாதை வழுக்கும். அலுவலர்கள் வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், களியக்காவிளை பஸ் நிலையத்தில் காத்திருந்து நானே அழைத்துச் செல்வேன்.

இங்ஙனம்,
(ஒப்பம்)