டேப்பிலிருந்து எழுந்த பிடிபி-11/40: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். 1970-களின் மினிகணினியான பிடிபி-11/40, டேப்பைக் கட்டுப்படுத்தும் டிஎம்11 கண்ட்ரோலர், டியூ10 டேப் டிரைவ் மூன்றும் சேர்ந்து யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பு டேப்பைப் படித்துவிட்டன. டேப்பிலிருந்து ஏறிய நிரல் கட்டளைக்குக் காத்திருப்பதைக் காட்டும் சமக்குறி (=) டெர்மினலில் வந்து நிற்கிறது. வழிகாட்டிய ஒவ்வொருவருக்கும் எங்கள் குழுவின் மனமார்ந்த நன்றி. எந்தக் குறிப்பு எந்தக் கோளாறைத் தீர்த்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். இதே இயந்திரத்தோடு போராடும் அடுத்தவருக்குப் பயன்படட்டும்.

முதல் நன்றி, டேப் சுற்றுகிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு 772520-ஐப் படிக்கச் சொன்னவருக்கு. டிரைவின் நிலையைச் சொல்லும் ரிஜிஸ்டரின் (வன்பொருளில் உள்ள சிறு பதிவிடம்) முகவரி அது. இந்த மடலில் முகவரிகள், ரிஜிஸ்டர் மதிப்புகள், நிரல் சொற்கள் எல்லாம் எட்டடிமான எண்கள்; பைட், ரெக்கார்டு எண்ணிக்கைகள் வழக்கமான பதின்ம எண்கள். டிரைவ் ஆன்லைனில், டேப் தொடக்கக் குறியில், எழுதும் வளையம் கழற்றிய நிலையில் அங்கே 000145 இருக்க வேண்டும். அது நான்கு குறிகளின் கூட்டல்: 100 என்றால் டிரைவ் தேர்வாகிவிட்டது, 40 தொடக்கக் குறி, 4 எழுதத் தடை, 1 தயார். 100 வரவில்லையா? யூனிட் எண் 0-வில் இல்லை, அல்லது டிரைவ் ஆன்லைனில் இல்லை. 40 வரவில்லையா? டேப்பின் நுனியிலிருந்து சுமார் 16 அடியில் ஒட்டியிருக்கும் பளபளப்பான சிறு பட்டையைத் தேடுங்கள். பழைய டேப்களில் பசை காய்ந்து அது உதிர்ந்துபோயிருக்கும்.

கணினியின் முன்பக்கப் பேனலில் முகவரி 18 பிட். 172520 என்று போட்டால் அது வெறும் நினைவக முகவரிதான். நிரலுக்குள் மட்டும் 16 பிட்டாக எழுத வேண்டும், அதை 18 பிட் முகவரிகளின் உச்சிக்கு மாற்றுவதை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். இதைப் பொறுமையாக இரண்டு முறை விளக்கியவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

டேப்பின் முதல் ரெக்கார்டைப் படிக்கும் சிறு நிரலாகப் பேனல் சுவிட்சுகளில் போட வேண்டிய ஆறு சொற்கள்: 012700, 172526, 010040, 012740, 060003, 000777. டேப்பின் முதல் ரெக்கார்டு 0-விலிருந்து 777 வரை வந்து உட்காரும் என்பதால் நிரலை அதற்கு மேலே வையுங்கள், 10000 போதும். 060003-இல் 60000 என்பது 9 தடம், அங்குலத்துக்கு 800 அடர்த்தி; 2 என்பது ‘படி’ என்ற கட்டளை; 1 என்பது ‘புறப்படு’. நினைவக முகவரியை இந்த நிரல் எங்குமே எழுதவில்லை. ஸ்டார்ட் சுவிட்ச் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கும் என்று நம்பியே எழுதப்பட்டது இது. ஸ்டார்ட் இல்லாமல், கன்டினியூ போட்டு நிரலை மறுபடி முதலிலிருந்து ஓட்டினால் பூஜ்யமாகாது, இரண்டாம் ரெக்கார்டு 1000-இல் போய் விழும். ஆகவே ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் ரீவைண்ட், பிறகு ஸ்டார்ட்.

அதே காரணத்தால், டேப் நின்றதும் முதலில் ஹால்ட் போட்டு ரிஜிஸ்டர்களைப் படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டு 0-விலிருந்து ஸ்டார்ட் போட்டால் பிழைத் தடயம் அழிந்துவிடும். எங்கள் குழுவுக்குக் கிடைத்த அறிவுரைகளில் இதுவே விலைமதிப்பற்றது என்போம்.

772520-இல் எங்களுக்குக் கிடைத்த முதல் பிழைத் தடயம் 004105. அதிலுள்ள 4000-ஐப் பார்த்ததுமே "பஸ் அனுமதி தாமதம், பேக்பிளேனைப் பாருங்கள்" என்றார் ஒருவர். (பஸ் என்பது கணினியின் பாகங்களை இணைக்கும் பொதுத் தடம்; பேக்பிளேன் என்பது கார்டுகளைச் செருகும் பலகை.) நொடிக்கு 45 அங்குலம், அங்குலத்துக்கு 800 பைட் என்றால் ஒரு பைட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 28 மைக்ரோ நொடிதான். அதற்குள் பஸ் கிடைத்தாக வேண்டும். முன்பு ஏதோ டிஎம்ஏ கார்டு (செயலியின் உதவியின்றி நினைவகத்தோடு நேரடியாகப் பேசுவது) இருந்த ஸ்லாட் காலியாக இருந்தது. அதன் பின்புறம் சிஏ1-சிபி1 கம்பியைத் திரும்பப் போடவில்லை. காலி ஸ்லாட்டில் செருகும் ஜி727 கார்டு இன்டரப்ட் அனுமதிகளை மட்டுமே கடத்தும். டிஎம்ஏ அனுமதிக்கு அந்தக் கம்பி வேண்டும், இல்லையென்றால் ஜி7273 வேண்டும். கார்டை அனுப்பிவைத்தவருக்கும் நன்றி.

அடுத்தது 001000, ரெக்கார்டு நீளப் பிழை. அந்த ஆறு சொல் நிரல் கேட்பது சுமார் 2730 பைட். ரெக்கார்டு அதைவிடச் சிறியதாக இருந்தால் குறையில்லை, பெரிதானால் பிழை. டேப்பை எழுதியபோது 10240 பைட் ரெக்கார்டாகப் போய்விட்டிருந்தது. 512 பைட் ரெக்கார்டுகளாக, மொத்தம் 12100, மீண்டும் எழுதிக் கொடுத்தீர்கள். ஒன்று 0.64 அங்குலம், இடைவெளி 0.6, எல்லாம் சேர்த்து சுமார் 1250 அடி. 2400 அடி ரீலில் தாராளமாக அடங்கும்.

பாரிட்டி பிழைக்கு (010000) ஹெட்டில் படிந்த பழுப்புத் தூளே காரணம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் நூல் உதிராத பஞ்சும் போதும், ரப்பர் பாகங்களில் மட்டும் படக்கூடாது. பிசுபிசுத்த பழைய டேப்பை ஆய்வக அடுப்பில் 54 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம் பக்குவமாகச் சூடாக்கித் தந்தவரின் உழைப்பு பெரிது.

இப்போது பைட்டுகளை எண்ணும் 772524-இல், மாடலைப் பொறுத்து, 173524 அல்லது 173526 வர வேண்டும்; நினைவக முகவரியைக் காட்டும் 772526-இல் 001000 (பதின்மத்தில் 512) வருகிறது. 512 பைட்டும் வந்து சேர்ந்ததற்கு அதுவே சாட்சி. 0-விலிருந்து ஸ்டார்ட் போட்டும் திரை வெறுமையாக இருந்தால் டேப்பைக் குறை சொல்லாதீர்கள். பேனலிலிருந்து, டெர்மினலுக்கு எழுத்தை அனுப்பும் 777566-இல் சமக்குறியின் குறியீடான 000075-ஐ இட்டுப் பாருங்கள். சமக்குறி தோன்றாவிட்டால் கோளாறு டெர்மினல் பக்கம்தான். பாட் வேகத்தை (எழுத்துகளை அனுப்பும் வேகம்) சரிபாருங்கள். இந்த எளிய சோதனையைச் சொல்லித் தந்தவருக்கும் எங்கள் அன்பு.

டிஸ்க்குக்கு நகலெடுப்பதும் முடிந்தது: டேப்பில் 100-ஆம் ரெக்கார்டிலிருந்து 1 ரெக்கார்டு, பிறகு 101-லிருந்து 3999 ரெக்கார்டுகள்.

நன்றியுடன்,
பிடிபி-11/40 மீட்புக் குழுவினர்