அவளுக்கு ஏன் பூஜ்யம் போட்டேன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

19 ஆண்டுகளாகத் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறேன். 'ஒற்றுமை வேற்றுமைகளை எழுதுக' என்ற கேள்விக்கு மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தவளைக்கு நேரே 'குதிக்கும்' என்றும் மீனுக்கு நேரே 'கண் இருக்கும்' என்றும் எழுதியிருந்தாள். இரண்டும் உண்மைதான், ஆனால் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. சிவப்பு மையில் சுழித்துப் பூஜ்யம் போட்டேன்.

அவளுக்கு வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு இருப்பது பிறகுதான் தெரிந்தது. காது நன்றாகக் கேட்கிறது, சூட்டிகையான பிள்ளை. மொழிதான் பிடிபட மறுக்கிறது. நூற்றில் ஏறக்குறைய 7 குழந்தைகளுக்கு இது உண்டு. அதாவது 30 பேர் இருக்கும் வகுப்பில் இரண்டு பேர். எத்தனை பேரை இப்படிச் சுழித்தேனோ என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தேய்ந்த பென்சில் ஒன்றையும் பேனா ஒன்றையும் கையில் கொடுத்தேன். எது நீளம் என்று கேட்டால் சட்டென்று பேனாவைக் காட்டுகிறாள். வாயால் சொல்லச் சொன்னால், "பென்சில் பேனா நீளம்" என்கிறாள். கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. 'பென்சிலைவிட' என்பதில் வரும் அந்த 'ஐவிட' மட்டும் அவளிடம் இல்லை. அது எந்தச் சொல்லோடு சேர்கிறதோ அதை வைத்துத்தானே எது நீளம் என்பதே முடிவாகிறது! மற்ற பிள்ளைகள் கேட்டுக் கேட்டே பழகிவிடும் இதை, இவளுக்குப் பொருளைத் தொட்டுக் காட்டித் திரும்பத் திரும்பச் சொல்லித்தர வேண்டியிருந்தது. 'ஆனால்', 'போல' எல்லாமே அப்படித்தான்.

"இரண்டும் எழுதும்" என்று அவள் சொல்ல மூன்று வாரம் ஆனது. வேற்றுமை கண்ணில் படும். ஒற்றுமையைச் சொல்ல இரண்டுக்கும் பொதுவான ஒரு சொல் வேண்டும். 1916இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்ட்-பினே அறிவுத்திறன் சோதனையிலேயே வேற்றுமைக் கேள்வி 7 வயதுக்கும், ஒற்றுமைக் கேள்வி 8 வயதுக்கும் வைக்கப்பட்டிருந்தது. நாமோ கடினமானதை முதலில் கேட்கிறோம்.

கேள்வித்தாள் தயாரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அட்டவணையின் நடுவில் ஒரு கட்டம் போட்டு, 'எங்கே வாழும்?', 'எப்படி நகரும்?' என்று அச்சிட்டுக் கொடுங்கள். ஒரே கேள்வியைத் தவளையிடமும் மீனிடமும் கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் இக்குழந்தைகளுக்குப் புலப்படும்.

சென்ற வாரம் அவளாகவே ரப்பரை எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "பென்சில் அழியும், ஆனால் பேனா அழியாது" என்றாள். தாளில் அதை எழுத அவளுக்கு இன்னும் வரவில்லை. வாயால் சொன்ன அந்த விடைக்கு நான் முழு மதிப்பெண் போடத் தேர்வு விதிகளில் இடம் வேண்டும்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்