தீப்பெட்டி அளவில் ஒரு குவெர்னிக்கா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் சிறுவர் பக்கத்தில் வந்த அமைதி ஓவியங்கள் பற்றிய கட்டுரையை என் மகனுக்கும் மகளுக்கும் படித்துக் காட்டினேன். கட்டுரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கடைசியில் இருந்த கேள்விகள்தான் காலை வாரிவிட்டன. ‘அமைதி என்றால் என்ன?’ என்று கேட்டதும் பையன் ‘சண்டை சச்சரவு இல்லாமல் ஒற்றுமையாக வாழ்வது’ என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான், பேச்சுப்போட்டிக்குப் போய்வந்த பழக்கம். அதோடு பேச்சும் முடிந்தது.

சரி என்று கேள்விகளை விட்டுவிட்டு, ஒரு ஊரின் மேல் குண்டு வீசப்பட்டதைப் பற்றி ஓவியர் பிக்காசோ வரைந்த குவெர்னிக்கா படத்தில் விரலை வைத்து, இதில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். மகள் எடுத்த எடுப்பிலேயே, “பேப்பர்ல கலர் போட மறந்துட்டாங்களா?” என்றாள். இல்லை, அசல் ஓவியமே கறுப்பு, வெள்ளை, சாம்பல்தான் என்றதும் இருவரும் படத்துக்கு மேல் குனிந்துவிட்டார்கள். மாடு, அலறும் குதிரை, மேலே ஒரு மின்விளக்கு, கீழே விழுந்து கிடப்பவன் கையில் உடைந்த வாள். ஆனால் குண்டு போட்ட விமானம் எங்கே என்று பையன் தேடுகிறான், தேடுகிறான், கிடைக்கவில்லை. ஏனென்றால் பிக்காசோ அதை வரையவே இல்லை! 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினில் குவெர்னிக்கா என்ற அந்த ஊரின் மேல் ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு வீசிய கதையை அவன் அதற்குப் பிறகுதான், யாரும் சொல்லாமலே, கட்டுரைக்குத் திரும்பிப்போய்ப் படித்தான்.

தாயின் மடியில் கிடக்கும் குழந்தையைக் காட்டி, “பாப்பா தூங்குதா?” என்று மகள் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. இல்லை, செத்துப்போச்சு என்றேன். மழுப்பியிருந்தால் அவள் கண்டுபிடித்திருப்பாள். நல்லவேளை, அந்த உடைந்த வாளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூ இருப்பதையும் அவளேதான் கண்டுபிடித்தாள்.

ஐ.நா. வளாகத்தில் இருக்கும், குழாயை முடிச்சுப் போட்ட துப்பாக்கிச் சிலைக்கு இவ்வளவு பாடு தேவைப்படவில்லை. “சுட்டா குண்டு எப்படி வெளிய வரும்?” என்று கேட்டுவிட்டு இருவரும் அரை மணி நேரம் தங்களுக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். படத்தை முதலில் போடுங்கள், கட்டுரை பின்னால் வரட்டும், கேள்விகளையும் படத்திலிருந்தே கேளுங்கள். அப்புறம், புறாவுக்கு வண்ணம் தீட்டும் கட்டத்தை ஒரு தடவையாவது எடுத்துவிட்டு அந்த இடத்தையும் ஓவியத்துக்கே கொடுங்கள். அசல் ஓவியம் கிட்டத்தட்ட 7.8 மீட்டர் அகலம், நீங்கள் போட்டது தீப்பெட்டி அளவு. மாட்டுக்கும் குதிரைக்கும் நடுவில் மங்கலாக ஒரு பறவை இருக்கிறது என்று சொல்லித் தொலைத்துவிட்டேன், பையன் இன்னும் லென்ஸும் கையுமாகத் தேடிக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்