மதௌராவைக் காட்டாமல் திருப்பி அழைத்து வந்தது – பணத்தைத் திருப்பித் தரக் கோரி

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது என் ஆறாவது கடிதம். முந்தைய ஐந்துக்கும் "புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே பதில்தான்.

உங்கள் அல்ஜீரியா சுற்றுலாவின் ஐந்தாம் நாள் நிகழ்ச்சியில் "மதௌரா இடிபாடுகள், ஆயர் இல்லம், ஆயருடன் சந்திப்பு" என்று நீங்கள்தான் அச்சிட்டிருந்தீர்கள். மதௌரா பழைய ரோமானிய நகரத்தின் இடிபாடு; அங்கே ஆயரே (பிஷப்) கிடையாது ஐயா! 484இல், அப்போது வட ஆப்பிரிக்காவை ஆண்ட வாண்டல் இன மன்னர் ஹுனெரிக் நாடுகடத்திய ஆயர்களில் மதௌராவின் புதென்சியுசும் ஒருவர். இன்று அது பெயரில் மட்டும் உயிரோடிருக்கும் மறைமாவட்டம். மக்கள் இல்லை, பேராலயம் இல்லை; வேறெங்கோ பணியாற்றும் துணை ஆயருக்கு அந்தப் பட்டத்தைக் கொடுப்பார்கள். அல்ஜீரியா பயணத்தையே தொழிலாக நடத்தும் உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

இல்லாத அந்த வீட்டைத் தேடி சூக் அஹ்ராஸ் தெருக்களில் மூன்று மணி நேரம் சுற்றினோம். அதுதான் பழைய தகாஸ்தே, கிறிஸ்தவப் புனிதர் அகுஸ்தினார் பிறந்த ஊர். அதையாவது வழிகாட்டி சொன்னாரா? மதௌரா போய்ச் சேர்ந்தபோது வாசலைப் பூட்டிவிட்டார்கள். பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டீனியன் காலத்துக் கோட்டைச் சுவரை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அகுஸ்தினார் சிறுவனாகப் படித்த ஊருக்குள் ஒரு அடிகூட வைக்கவில்லை. என் வாழ்நாள் ஆசையே மண்ணாகிவிட்டது.

ஊர் திரும்பிய பிறகு தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியரை மறக்கவே மாட்டேன். "திம்காத்ல பார்த்தீங்கல்ல சார், இதுவும் அதே கல்லுதான்" என்றார். திம்காத் கி.பி. 100ஆம் ஆண்டுவாக்கில் ரோமானியப் பேரரசர் டிராஜன் புதிதாகக் கட்டிய நகரம். மதௌரா அதற்கு முன்பே, வட ஆப்பிரிக்கப் பூர்வகுடிகளான நுமிதிய பெர்பர் மன்னர்கள் ஆண்ட ஊர். தன்னைப் பாதி நுமிதியன், பாதி கெதூலியன் (இன்னொரு பெர்பர் இனம்) என்று சொல்லிக்கொண்ட லத்தீன் எழுத்தாளர் அபுலேயுஸ் பிறந்த மண். இரண்டும் ஒன்றா? பதில் சொல்வதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார். அதற்கு முன் உங்கள் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தேன், ஒவ்வொரு முறையும் "மேலாளர் வெளியே போயிருக்கிறார்".

உங்கள் மற்ற ஏற்பாடுகளில் குறை சொல்ல மாட்டேன். அன்னாபாவில் தங்குமிடம் நன்றாகவே இருந்தது. சரி, அதற்காக இதை விட முடியாது. ஐந்தாம் நாள் கட்டணத்தையும் அந்த ஊழியரின் எழுத்துப்பூர்வ மன்னிப்பையும் 15 நாட்களுக்குள் அனுப்புங்கள். தவறினால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். ரசீதுகள் எல்லாம் கையில் இருக்கின்றன.

அப்புறம், அடுத்த குழு கிளம்புவதற்குள் "ஆயருடன் சந்திப்பு" என்ற வரியை நீக்கிவிடுங்கள். காலையிலேயே மதௌராவுக்கு அழைத்துப் போங்கள்.

இப்படிக்கு,
மதௌராவை வேலிக்கு வெளியே நின்று பார்த்த பயணி