விடால் பாசிட்டிவ்

அன்புள்ள கலா,

நலம். வீட்டில் எல்லோரும் நலம். மற்ற விசாரிப்பெல்லாம் கடைசியில். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ பாதியில் 'பேஷன்ட் வந்துட்டாங்கடி' என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்த வேலை நடக்காது.

சாந்தி வீட்டுக்காரர் செத்துப் பிழைத்திருக்கிறார். உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள், அவள் சுபாவம் தெரிந்ததுதானே. எங்கள் ஆஸ்பத்திரியில்தான் கிடந்தார். ஐ.சி.யூ. வாசலில் அவளைப் பார்த்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஹாஸ்டலில் நம் எல்லோர் பங்கு வடையையும் சாப்பிட்டவள், பாதியாக இளைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

நடந்தது இதுதான். கார்த்திகையில் மனுஷனுக்குக் காய்ச்சல். மழை விட்ட சமயம், மலையடிவாரத்து நிலத்தில் புதர் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஊரில் ஒரு கிளினிக்கில் காட்ட, அவர்கள் பக்கத்து லேபுக்கு அனுப்ப, அங்கே 'ஃபீவர் பேக்கேஜ்' எடுத்திருக்கிறார்கள். டெங்கு நெகட்டிவ், மலேரியா நெகட்டிவ், டைபாய்டுக்குப் பார்க்கும் விடால் ரத்தப் பரிசோதனையில் 'ஓ' 1:160, 'எச்' 1:320. முடிந்தது கதை. 'டைபாய்டு' என்று சிவப்பு மையில் அடிக்கோடு. காலையும் மாலையும் செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி, நடுவில் டிரிப்ஸ், வாய்க்குக் கஞ்சி. காய்ச்சல் இறங்கவில்லை. ஊசியை மாற்றினார்கள், அப்போதும் இறங்கவில்லை. தலைவலி தாங்காமல் புரண்டிருக்கிறார், அப்புறம் இருமல், அப்புறம் மூச்சுத் திணறல். இரண்டாவது வாரம் தாண்டி ஆம்புலன்ஸில் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

அன்று டியூட்டியில் இருந்தது பி.ஜி. படிக்கும் சின்னப் பெண். கேஸ் ஷீட்டை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் சட்டையைக் கழற்றச் சொல்லியிருக்கிறாள். அக்குளில் கறுப்பாகக் காய்ந்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். சிகரெட்டால் சுட்ட மாதிரி. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, அதனால் அவரும் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும் சிற்றுண்ணியின் (மைட்) குஞ்சு கடித்து வரும் காய்ச்சல். அதை உறுதிசெய்யும் எலைசா டெஸ்டுக்கு ரத்தம் எங்கள் லேபுக்கு வருவதற்கு முன்பே டாக்ஸிசைக்ளின் மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது. நுரையீரல் தேற மட்டும் நாளானது. இத்தனை நாள் ஏற்றிய விலை உயர்ந்த ஊசி எதுவும் இந்தக் கிருமியைத் தொட்டுக்கூடப் பார்க்காது. வேலை செய்தது, சில ரூபாய் மாத்திரை.

இப்போது உன்னிடம் வருகிறேன். உன் லேபில் ஒரு நாளைக்கு எத்தனை விடால் போடுகிறாய்?

கோபப்படாதே. நீ சொல்லப்போகும் பதில் எனக்கே தெரியும். டாக்டர் எழுதிக்கொடுக்கிறார், நான் போட்டுக்கொடுக்கிறேன். நான் இல்லையென்றால் எதிர்க் கடையில் போடுவார்கள். விடால் போடவில்லையென்றால் பேஷன்டே சண்டைக்கு வருகிறார். எல்லாம் நிஜம். அதுவும் நம் ஸ்லைடு விடால்! கிருமியின் உடம்புக்கு நீலத் துளி 'ஓ', வாலுக்குச் சிவப்புத் துளி 'எச்', பேஷன்ட் சீரத்தோடு ஒரு நிமிஷம் ஆட்டினால் திரிகிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு, எத்தனை மடங்கு நீர்த்தாலும் திரியும் என்று குத்துமதிப்பாக ஒரு டைட்டர். டியூபில் வரிசையாக நீர்த்து, ராத்திரி முழுக்க 37 டிகிரியில் வைத்துப் படிக்கச் சொல்லிக்கொடுத்த மீசை சார் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்? 'போய் மறுபடி பிப்பெட் பிடித்துப் பழகிட்டு வாம்மா.'

டியூபில் போட்டாலும் கதை பெரிதாக மாறாது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். நம் ஊரில் பிறந்து, நம் தண்ணீர் குடித்து வளர்ந்த எவன் ரத்தத்திலும் டைபாய்டுக் கிருமியின் குடும்பமான சால்மொனெல்லாவுக்குக் கொஞ்சம் எதிர்ப்பொருள் இருக்கத்தான் செய்யும். என்றைக்கோ வந்து போன டைபாய்டுக்கு 'எச்' வருஷக்கணக்கில் நிற்கும். 'ஓ' மற்ற சால்மொனெல்லாக்களோடும் பொது. மலேரியா, டெங்கு, ஸ்க்ரப் என்று எதில் காய்ச்சல் வந்தாலும் இது எகிறலாம். ஒரே ஒரு சாம்பிளை வைத்துக்கொண்டு 1:160 என்று எழுதினால் அதற்கு என்ன அர்த்தம்? வாரம் கழித்து இரண்டாவது சாம்பிள் எடுத்து நாலு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று நீயும் நானும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினோம். இத்தனை வருஷ சர்வீஸில் இரண்டாவது சாம்பிள் கேட்ட டாக்டரைப் பார்த்திருக்கிறாயா?

விடாலைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. 1896-இல் பாரிஸில் விடால் என்ற அந்த மனுஷன் இந்தப் பரிசோதனையைச் சொன்னபோது அது பெரிய காரியம். அப்போது தப்பாக 'டைபாய்டு' என்று வந்தாலும் கொடுக்க மருந்தே கிடையாது, அதனால் கெடுதலும் குறைவு. இப்போதுதான் ஆபத்து. பெயர் வைத்த உடனே ஊசி ஏறுகிறது, வேறு எதையும் தேடுவது நின்றுவிடுகிறது. சாந்தி வீட்டுக்காரரைக் கிட்டத்தட்டக் கொன்றது ஸ்க்ரப் அல்ல, அந்த அடிக்கோடு.

சாந்தி என்னை உட்காரவைத்துக் கேள்வி மேல் கேள்வி. நம்மோடு சேர்ந்துதான் லேப் டெக்னீஷியன் படிப்பு (டி.எம்.எல்.டி.) படித்தாள் என்று சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்ப மாட்டார்கள், உன் நோட்டைப் பார்த்துப் பாஸ் செய்தவள் என்றால் நம்புவார்கள். 'டைபாய்டு குடல் நோய்னு சொல்றாங்க, இவருக்கு ஒரு தரம்கூட வயிற்றால போகலையேடி, அப்பவே சந்தேகப்பட்டிருக்கணுமோ?' என்றாள். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்றேன். காலராக் கிருமி குடலுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு விஷத்தைக் கக்கும், உடம்புத் தண்ணீரெல்லாம் சில மணி நேரத்தில் பேதியாகப் போய்விடும், ஆனால் ரத்தத்துக்குள் போகாது. சீதபேதிக் கிருமி ஷிகெல்லா குடல் சுவரைப் புண்ணாக்கி, சீதமும் ரத்தமுமாகப் போகவைக்கும். டைபாய்டு வேறு ஜாதி. சத்தமில்லாமல் சிறுகுடலைத் தாண்டி, அதைப் பிடித்துத் தின்ன வந்த செல்லுக்குள்ளேயே குடியேறி, அந்த வண்டியிலேயே ஏறிக் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை எல்லாம் போகும். ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சலே தெரியும். பெரியவர்களுக்கு மலச்சிக்கல்கூட வரும். அப்புறம் பித்தப்பை வழியாக மறுபடி குடலுக்கு வந்து, கவனிக்காமல் விட்டால் மூன்றாவது வாரம் போல குடலில் ஓட்டை போடும். போன வருஷம் எங்கள் சர்ஜரி வார்டுக்கு அப்படி ஒரு பையன் வந்தான். அவனுக்கு நிஜமான டைபாய்டு. அவன் வாங்கிச் சாப்பிட்டதோ மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய காய்ச்சல் மாத்திரை மட்டும்.

அதனால் டைபாய்டே பொய் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. 2017 முதல் 2020 வரை டெல்லி, கொல்கத்தா, புனே, வேலூரில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, காய்ச்சல் வந்தால் ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் எடுத்துப் பார்த்தார்கள். நகரத்துக் குழந்தைகளில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 576 முதல் 1173 வரை டைபாய்டு. புனே பக்கத்துக் கிராமத்தில் வெறும் 35. சாக்கடையும் குடிதண்ணீர்க் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் ஊர் எது என்று அந்த எண்ணே சொல்லிவிடுகிறது. இருக்கிற இடத்தில் நிறைய இருக்கிறது. நாம் அதை இல்லாத இடத்தில் தேடி எடுத்துவிட்டு, இருக்கிற இடத்தில் கோட்டை விடுகிறோம்.

அடுத்த கேள்வி, வீட்டுக்கு வந்தபின் அவர் தட்டைத் தனியாக வைக்க வேண்டுமா என்று. மாமியார் ஏற்கெனவே வைத்துவிட்டாராம்! அவருக்கு வந்தது டைபாய்டே இல்லை, எதற்குத் தனித்தட்டு என்றேன். அப்புறம் சும்மா இருக்காமல் மேரி மாலன் கதையைச் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது, அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நியூயார்க்கில் வீடு வீடாகச் சமைத்தவள், அவளுக்கு ஒரு நோயும் தெரியவில்லை, போன வீட்டிலெல்லாம் டைபாய்டு. 1907-இல் பிடித்துத் தீவில் வைத்தார்கள். சமைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து 1910-இல் வெளியே வந்தாள். 1915-இல் பார்த்தால் வேறு பெயரில், அதுவும் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் சமைத்துக்கொண்டிருக்கிறாள். மறுபடி தீவு. 1938-இல் சாகும்வரை அங்கேதான். அவள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. சமையலைத் தவிர வேறு பிழைப்பு தெரியாதவளிடம் அடுப்பை மட்டும் பிடுங்கிவிட்டுப் போகச் சொன்னால் என்னதான் செய்வாள்?

இதையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒன்று கிடைத்தது. படித்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. 1948-இல் அமெரிக்க டாக்டர்கள் சிலர் கோலாலம்பூருக்கு வந்திருக்கிறார்கள். குளோரம்ஃபெனிகால் என்ற புது மருந்து ஸ்க்ரப் டைபஸைக் குணமாக்குமா என்று பார்க்கத்தான் வந்தார்கள். அந்த நோயாளிகளோடு டைபாய்டும் ஆள் தெரியாமல் கலந்துவிட்டது. ஸ்க்ரப் என்று நினைத்து மருந்து கொடுத்தார்கள், கல்ச்சர் பார்த்தால் டைபாய்டு, ஆளோ தேறிக்கொண்டிருக்கிறார்! அதுவரை பத்துப் பேருக்கு வந்தால் ஒருவரையாவது கொண்டுபோகிற நோய் அது. டைபாய்டுக்கு முதல் மருந்து கிடைத்ததே இப்படித்தான். சாந்தி வீட்டில் நடந்தது அப்படியே தலைகீழ். வித்தியாசம் என்ன தெரியுமா, அங்கே ரத்தத்தைக் கல்ச்சருக்குப் போட்டிருந்தார்கள். அதனால்தான் தாங்கள் நினைத்தது வேறு, இருந்தது வேறு என்று அவர்களுக்குத் தெரிந்தது.

அந்த மருந்தும் நிலைக்கவில்லை. 1972-இல் நம் பக்கத்துக் கோழிக்கோட்டிலேயே குளோரம்ஃபெனிகாலுக்கு அடங்காத டைபாய்டு பரவியது. அப்புறம் சிப்ரோ வந்தது. நாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிளேட்டில் வைக்கும் சிப்ரோ டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் எவ்வளவு பெரிதாக விழும், ஸ்கேல் வைத்து அளந்தோமே! இப்போது கிருமி டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டு வளர்கிறது. 2016 கடைசியில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் கிளம்பியது செஃப்ட்ரியாக்ஸோனுக்கும் அடங்கவில்லை. வாயால் சாப்பிட அசித்ரோமைசின்தான் பாக்கி, அதை விட்டால் மெரோபெனம் ஊசி. வேடிக்கை என்னவென்றால், நாம் கைவிட்ட குளோரம்ஃபெனிகாலும் செப்ட்ரானும் எங்கள் பிளேட்டில் இப்போது நன்றாக வேலை செய்கின்றன. நாம் எதை அள்ளி வீசுகிறோமோ அதைத்தான் கிருமி கற்றுக்கொள்கிறது. ஒவ்வொரு பொய் டைபாய்டுக்கும் போடும் ஊசி, அடுத்த நிஜ டைபாய்டுக்காரன் கணக்கில்தான் போய்ச் சேர்கிறது.

சரி, கல்ச்சரில் மட்டும் எல்லாம் வந்துவிடுமா என்பாய். வராது. பத்து நிஜ டைபாய்டில் ஐந்தாறுதான் பிடிபடும். ரத்தத்தில் கிருமியே அவ்வளவு குறைச்சல், ஒரு மில்லியில் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். அதனால்தான் பெரியவர்களுக்குப் பத்து மில்லி எடு என்று கத்துகிறேன், எங்கள் பிள்ளைகள் மூன்று மில்லி எடுத்துவிட்டு 'வெயின் கிடைக்கல மேடம்' என்கிறார்கள். ஊசி போட்டபின் எடுத்தால் இன்னும் மோசம். விலையும் விடாலைப் போலப் பல மடங்கு. இதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். ஆனால் பாட்டிலில் வளர்ந்து, மெக்கான்கி பிளேட்டில் வெளிறிய காலனியாக வந்து, டி.எஸ்.ஐ. டியூபில் சாருடைய மீசை மாதிரிக் கறுப்புக் கோடும் தெரிந்துவிட்டால், அப்புறம் யாரும் வாதாட முடியாது. எந்த மருந்து கேட்கும் என்பதும் கையிலேயே இருக்கும். விடால் அதைச் சொல்லுமா?

உன்னிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. விடாலை நிறுத்து என்று சொல்ல எனக்கு என்ன உரிமை, உன் லோனை நானா கட்டுகிறேன். ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி சேர்: 'ஒரே சாம்பிளின் டைட்டரை மட்டும் வைத்து டைபாய்டு என்று உறுதிசெய்ய முடியாது, ஆன்டிபயாடிக்குக்கு முன் ரத்தக் கல்ச்சர் தேவை.' டாக்டர் முறைத்தால், கிட் டப்பாவுக்குள் வரும் துண்டுத்தாளைப் படித்துக் காட்டு. அப்புறம் கொஞ்சம் கல்ச்சர் பாட்டில் வாங்கி வை. ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் என்று வருகிறவர்களுக்காவது டாக்டரிடம் போன் பண்ணிக் கேள். சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டால் காலையில் எங்கள் கையில் இருக்கும், பெரிய மேடத்திடம் பேசிவிட்டேன். ரத்தம் போட்ட பாட்டிலைத் தயவுசெய்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடாதே, உன் புதுப் பெண்ணிடமும் சொல்லிவை.

மற்றபடி, மாமியாரின் சர்க்கரை இப்போது எவ்வளவில் இருக்கிறது? பேத்திக்கு டைபாய்டு தடுப்பூசி போட்டாயிற்றா? ஒன்பது மாதத்திலேயே போடலாம், அந்த கான்ஜுகேட் ஊசி, காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும், போட்டுவிடு. என் மகன் வேலை மாறிவிட்டான், ஏன் என்று கேட்காதே. தை மாதம் முகூர்த்தத்துக்கு நீ வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல், சாந்தியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

உன்,
மீனா

பி.கு: சாந்தி வீட்டுக்காரர் இன்னும் பத்தியம் விடவில்லையாம். வறுத்த மீன் கூடாது, முட்டை கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது. உங்களுக்கு வந்தது டைபாய்டே இல்லை அண்ணே, வந்திருந்தாலும் நன்றாகத்தான் சாப்பிட வேண்டும் என்று எவ்வளவு சொல்லியும், 'ரிப்போர்ட்லயே போட்டிருக்காங்களேம்மா' என்கிறார். நீ லேப் ஓனர், உன் பேச்சை நம்புவார். ஒரு போன் போடு.