மஃப்ளர் விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய படத்தை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் மரமெல்லாம் வெள்ளையாக நிற்கிறது. உன்னோடு நிற்கும் மூன்று பேரும் கழுத்தை மூடியிருக்கிறார்கள். நீ மட்டும் கோட்டின் மேல் பொத்தானைக்கூடப் போடவில்லை. சிரித்துக்கொண்டிருக்கிறாய், சரி. நான் பார்த்தது கழுத்தைத்தான்.

போன தடவை பேசும்போது இதைச் சொல்லப்போய்த்தான் உனக்குக் கோபம் வந்தது. அதற்கப்புறம் மூன்று வாரமாகக் குறுஞ்செய்தி மட்டும். வேலை அதிகம் என்கிறாய். இருக்கும். நான் எதுவும் கேட்கவில்லை. இருமலைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

அன்று நீ சொன்னது சரி என்று முதலில் ஒப்புக்கொள்கிறேன். சளி வைரஸால் வருவது, குளிர் பட்டதால் மட்டும் யாருக்கும் சளி பிடிக்காது என்றாய். சரிதான். உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்று நான் அடித்துச் சொன்னதும் தப்பு. உடம்பின் மொத்தப் பரப்பில் தலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான், அதன் வழியாகப் போகும் சூடும் கிட்டத்தட்ட அவ்வளவுதானாம். படித்துத் தெரிந்துகொண்டேன். உன் தாத்தா எனக்குச் சொன்னதை நான் உனக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் சளி வேறு, இளைப்பு வேறு. அதை நீ அன்று நைசாகத் தாண்டிப் போய்விட்டாய். சைபர் டிகிரிக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 5 கிராம் ஈரம்கூட நிற்காது. அதே காற்று நுரையீரலின் ஆழத்துக்குப் போய்ச் சேரும்போது 37 டிகிரிச் சூடும் 44 கிராம் ஈரமுமாக மாறியிருக்க வேண்டும். குறைகிற ஈரத்தை யார் கொடுப்பது? உன் மூக்கும் மூச்சுக்குழாயும்தான். கொடுத்துக் கொடுத்து மூச்சுக்குழாய் காய்ந்துபோய் இறுக்கிக்கொள்கிறது. பேருந்தைப் பிடிக்க ஓடினால் வாய் வழியாக மூச்சு வாங்குவாய், அப்போது மூக்கின் உதவியும் கிடையாது. மூக்கையும் வாயையும் மூடி மஃப்ளர் கட்டினால், நீ வெளியே விடும் மூச்சின் சூடும் ஈரமும் துணியில் தங்கி, அடுத்த மூச்சோடு உள்ளே திரும்பி வருகிறது. அதனால் அழகுக்குக் கழுத்தில் தொங்கவிடாதே, மூக்கையும் சேர்த்து மூடு.

பருத்தி வேண்டாம், நனைந்தால் சில்லென்று ஒட்டிக்கொள்ளும். கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை இழுத்துக்கொண்டாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அரிக்கும் என்பாய், உனக்குச் சின்ன வயதிலிருந்தே அரிக்கும். மெரினோ என்று மெல்லிய கம்பளி இருக்கிறது, அதைப் பார். வாரத்துக்கு ஒரு தடவையாவது துவைத்துவிடு, மூக்கில் படுகிற துணி. அப்புறம், நுனி இரண்டையும் கோட்டுக்குள் செருகிக்கொள். இசடோரா டங்கன் என்று பெரிய நடனக் கலைஞர் இருந்தார். 1927இல் நீஸ் நகரத்தில் காரில் போகும்போது, கழுத்தில் போட்டிருந்த நீளத் துணி சக்கரத்தில் சிக்கித்தான் இறந்துபோனார். நீ சைக்கிளில் வேலைக்குப் போகிறவன். அம்மாவிடம் இந்தக் கதையை நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

உனக்குப் பதவி உயர்வு வந்ததை எல்லோரிடமும் சொன்னேன். கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். பெருமை இல்லாமல் இருக்குமா? ஆனால் அந்தச் செய்தியும் அக்கா சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அது போகட்டும். அக்கா வீடு மாறுகிறாள், அதைத் தனியாக எழுதுகிறேன். மூக்கையும் மூட வேண்டும், மறந்துவிடாதே.

மஃப்ளரில் உனக்கு ஏன் இவ்வளவு வெறுப்பு என்று அம்மா கேட்கிறாள். தெரியாது என்றேன். எனக்குத் தெரியும்.

அந்த மலைப் பயணத்துக்குக் கிளம்பிய சாயங்காலம். உனக்கு 11 வயது. ரயில் நிலையத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் நான்கு பேர் நின்றிருந்தார்கள். உன் கழுத்தில் அம்மா பின்னிய பழுப்பு மஃப்ளர். ஓரத்தில் ஒரு கண்ணி விட்டுப்போய்ச் சின்ன ஓட்டை, நீ அதில் சுண்டுவிரலை விட்டு ஆட்டிக்கொண்டே நின்றாய். "என்னடா பொம்பளப் பிள்ளை மாதிரி" என்று சொல்லி நான்தான் அதை உருவினேன். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி மேல் பெர்த்தில் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே நீ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய். மஃப்ளர் என் பைக்குள் இருந்தது. எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை. எதிர் பெர்த்தில் அவர்கள் விழித்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். தொலைத்துவிட்டேன் என்று நீயே சொல்லித் திட்டும் வாங்கினாய். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

இதில் ஒரு கூத்தைக் கேள். அன்று ஆபீஸிலிருந்து நேராக வந்ததால் என் கழுத்தில் டை இருந்தது. அந்த டைக்கு மூதாதை யார் தெரியுமா? 17ஆம் நூற்றாண்டில் பிரான்சுக்காகப் போரிட்ட குரோவேஷியச் சிப்பாய்கள் கழுத்தில் முடிந்துகொண்ட துணி. அப்படிக் கழுத்தில் முடியும் துணிக்குக் கிராவட் என்று பெயர், அந்தச் சொல்லே அவர்கள் பெயரிலிருந்துதான் வந்தது. முதல் உலகப் போரில் விமானிகள் பட்டுத் துணி கட்டினார்கள், எதிரி வருகிறானா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து உராய்ந்து புண்ணாகாமல் இருக்க. நானோ ஒரு குமாஸ்தா, டையையும் கட்டிக்கொண்டு, மஃப்ளர் பொம்பளை சமாச்சாரம் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். இப்போது சிப்பாய்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவதுகூட அதே பழைய புத்திதான், எழுதிய பிறகுதான் தெரிகிறது. உனக்கு இளைக்கிறது, அதனால் கட்டு. வேறு காரணம் வேண்டாம்.

நானும் இப்போது ஒன்று கட்டுகிறேன், சாம்பல் நிறம். போன மாதம் காலை நடையில் நெஞ்சு லேசாகப் பிடித்தது. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி இதயத்துக்கு வேலை கூடுகிறது, வாயை மூடிக்கொண்டு மெதுவாக நட என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்திருக்கிறார், பயப்பட ஒன்றும் இல்லை. முதல் நாள் அதைப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு தெருமுனை வரை போய், ஆள் இல்லாத இடமாகப் பார்த்துக் கட்டினேன். சிரிக்காதே.

பழுப்பு மஃப்ளர் பரண்மேல் என் பழைய ஆபீஸ் பையில் கிடக்கிறது. போன வாரம் எடுத்துப் பார்த்தேன். ஓட்டை பெரிதாகியிருக்கிறது, இப்போது என் கட்டைவிரலே நுழைகிறது. அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை. நீ போன் பண்ணுகிற அன்று சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது, அவள் எங்கும் போகமாட்டாள். நடுவில் இருமல் வந்தாலும் பரவாயில்லை, பண்ணு.

அப்பா